பொன்முடி ஏறும்போது சின்னவளுக்குச் சொன்னது: விமானிக்கு ஏற்ற கூலிங் கிளாஸ்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கல்லாறு தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். அங்கிருந்து பொன்முடி உச்சி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாதையில் காரை ஓட்டியது என் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். கண்ணில் புத்தம்புதுக் கூலிங் கிளாஸ். எதிரில் நிற்பவர் தன் முகத்தையே பார்த்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கும் மெர்க்குரி லென்ஸ். விமானப் பயிற்சியில் சேரப் போகிறாள் என்று தோழிகள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தது.

ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, கார் வெயிலிலிருந்து மரநிழலுக்குள் திரும்பியது. சாலையோரம் விறகுக் கட்டோடு ஓர் அம்மா நடந்து போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தார். அவளுக்குத் தெரியவில்லை. "ஏய், ஆளு!" என்று நான் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்து வந்த அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

நாகர்கோவிலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் தொழில். 17 வருஷமாக இதே வேலை. அன்று மலையேறி இறங்குகிற வரை அவளுக்குச் சொன்னதை, விமானம் ஓட்டக் கனவு காணும் எல்லாத் தங்கை தம்பிகளுக்கும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விமானியின் கூலிங் கிளாஸ் வெயிலைக் குறைக்க வேண்டும், கண்ணுக்கு வர வேண்டிய சேதியைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணாடியைக் கையில் எடுக்கும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேள்.

1. எந்த உயரத்துக்கு வாங்குகிறாய் என்று தெரிந்துகொள்

பொன்முடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீட்டர் உயரம். விமானிகள் கணக்கில் சொன்னால் சுமார் 3600 அடி. செஸ்னா போன்ற சின்னப் பயிற்சி விமானத்தில் முதல் மாதங்களில் நீ பறக்கப் போவதும் கிட்டத்தட்ட இந்த உயரத்தில்தான். ஆகவே பொன்முடி உச்சியில் நின்று வானத்தைப் பார்ப்பதும், பயிற்சி விமானத்தின் இருக்கையிலிருந்து பார்ப்பதும் வெளிச்சத்தைப் பொறுத்தவரை பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. காற்று குளிராக இருப்பதால் தோலுக்கு அது உறைக்காது, கண்ணுக்கும் உறைக்காது. மேலே போனால் இன்னொரு சங்கதியும் உண்டு. தரையில் வெயில் தலைக்கு மேலிருந்து வரும். புருவமும் இமையும் குடை பிடிக்கும். பறக்கும்போது கீழே வெண்மேகம் படுத்திருந்தால் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும். அதைத் தடுக்க நம் முகத்தில் இயற்கை எதையும் வைக்கவில்லை.

2. கறுப்பு வேறு, காப்பு வேறு

பலரும் ஏமாறுவது இங்கேதான். லென்ஸ் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நிறம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் சேர்த்திருக்கும் தடுப்பும். தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸைப் போட்டால், இருட்டென்று எண்ணிக் கண்மணி விரியும். விரிந்த வாசல் வழியாகக் கதிர் கூடுதலாகவே உள்ளே போக இடம் கிடைக்கும்.

லென்ஸில் 'யுவி 400' என்று இருக்கிறதா பார். 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்பது அதன் பொருள். ஸ்டிக்கரை மட்டும் நம்பாதே. ஓரளவு பெரிய கண்ணாடிக் கடைகளில் யுவி மீட்டர் இருக்கும். உள்ளங்கை அளவுக் கருவி. லென்ஸை அதில் வைத்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். கேட்க வெட்கப்படாதே. என்னிடம் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

விமானத்தின் முன்கண்ணாடியே தடுத்துவிடாதா என்று சின்னவள் கேட்டாள். யுவி-பி கதிரைப் பெருமளவு தடுக்கும். யுவி-ஏ அப்படியில்லை, கண்ணாடியின் வகையைப் பொறுத்து ஒரு பகுதி உள்ளே வரும். வருஷக்கணக்கில் இந்த வெளிச்சத்தில் உட்காரப் போகிறவள் நீ. கண்புரை ஒரு நாளில் வருவதில்லை. எங்கள் கடலோர ஊர்களில் வள்ளத்தில் போய் வயதானவர்களின் வெள்ளைவிழியில் சதை வளர்ந்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். வெயிலும் உப்புக்காற்றும் ஆண்டாண்டாய்ச் செய்த வேலை அது.

அந்தக் கடலோரத்திலிருந்தே வானத்துக்குப் போனவரும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொச்சுதுறையைச் சேர்ந்த ஜெனி ஜெரோம், 2021 மே மாதம் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாக வந்து சொந்த மண்ணில் இறங்கினார். சின்னவள் தன் மேசையில் ஒட்டி வைத்திருப்பது அவர் படத்தைத்தான். "அவங்க வயசுக்கு நீ வரும்போதும் அதற்குப் பிறகு முப்பது வருஷமும் இந்தக் கண்தான்" என்றேன்.

3. நூறில் எத்தனை பங்கு வெளிச்சம் என்று கேள்

கூலிங் கிளாஸுக்கு ஐஎஸ்ஓ 12312-1 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதில் 0 முதல் 4 வரை ஐந்து வகுப்புகள். நல்ல கண்ணாடியின் காதோரக் கம்பியின் உள்பக்கம் 'கேட்டகரி' என்று போட்டு எண் இருக்கும்.

- வகுப்பு 2: நூறில் 18 முதல் 43 பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.
- வகுப்பு 3: 8 முதல் 18 பங்கு.
- வகுப்பு 4: 3 முதல் 8 பங்கு மட்டும். பனிமலை ஏறுகிறவர்களுக்கானது. இதைப் போட்டுக்கொண்டு சாலையில் வண்டி ஓட்டவே கூடாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்வது, வெளிச்சத்தில் 70 முதல் 85 சதவீதத்தைத் தடுக்கும் லென்ஸ். அப்படியென்றால் 15 முதல் 30 பங்கு உள்ளே வர வேண்டும். வகுப்பு 2-இன் அடர்ந்த முனையும் வகுப்பு 3-இன் தெளிந்த முனையும் சேருகிற இடம் அது. அதைவிடக் கறுப்பானால் வெளியே வானம் சுகமாகத் தெரியும்; உள்ளே திரும்பினால் கருவிப் பலகை கிணறு போல இருண்டிருக்கும். விமானியின் கண் நிமிடத்துக்குப் பல முறை வெளியே, உள்ளே, வெளியே என்று போய்வருகிற கண். இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற நடுவைத் தேடு.

மேல்பாதி அடர்த்தியாகவும் கீழே வரவரத் தெளிவாகவும் இருக்கும் லென்ஸ் ஒன்று உண்டு. கடைக்காரர் 'கிரேடியன்ட்' என்பார். மேலே வானம், கீழே கருவிகள் என்ற அமைப்புக்கு அது ஒத்துப்போகும். போட்டுப் பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே மேகம் பரவி வெளிச்சம் கீழிருந்து வரும் நாட்களில் அது போதாது என்பதையும் நினைவில் வை.

4. நிறம்: சாம்பல், சாம்பல் கலந்த பச்சை, பழுப்பு

விமானியின் வேலையில் நிறம் ஒரு மொழி. இரவில் எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை. ஓடுபாதையை நெருங்கும்போது பக்கத்தில் எரியும் பாப்பி விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாகக் காட்டி, நீ தாழ்ந்து வருகிறாயா உயர்ந்து வருகிறாயா என்று சொல்லும். ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரம் சிவப்பு, பச்சை, வெள்ளை ஒளியால்தான் பேசும். இதற்காகத்தான் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வையைத் தனியாகச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறிய கண்ணுக்கு முன்னால் நிறத்தை மாற்றும் லென்ஸை நீயே வைக்கலாமா?

சாம்பல் நிறம் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் மங்கவைக்கும். நிறங்களுக்குள் சண்டை மூட்டாது. முதல் தேர்வு அதுதான். சாம்பல் கலந்த பச்சையும் நல்லது. பழுப்பு, மூட்டமான நாளில் காட்சியைச் சற்று எடுப்பாகக் காட்டும். சிலருக்கு அது பிடிக்கும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா, நீலம் இவற்றை ஃபோட்டோ எடுக்கும் நாளுக்கு வைத்துக்கொள்.

5. போலரைஸ்டு லென்ஸை விமானத்துக்கு எடுக்காதே

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். விலை கூடுதல், ஆகவே தரமும் கூடுதல் என்று தோன்றும். நீர்ப்பரப்பிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை இது அழகாக வெட்டிவிடும். கடலுக்குப் போகிற அப்பாவுக்கு வாங்கிக் கொடு, வாழ்த்துவார். காக்பிட்டில் மூன்று காரணங்களுக்காக இது வேண்டாம்.

ஒன்று, எல்சிடி திரைகள். தலையைச் சாய்த்தால் திரை மங்கும், சில கோணத்தில் முழுக்கக் கறுத்தே போகும். இப்போது பல பயிற்சி விமானங்களில் முள் காட்டும் பழைய கருவிகளுக்குப் பதிலாகத் திரைதான். வரைபடம் பார்க்கும் டேப்லெட்டும் திரைதான்.

இரண்டு, விமானத்தின் முன்கண்ணாடி. அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் உள்ளுக்குள் இழுவிசை இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அது, போலரைஸ்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால் வானவில் பட்டைகளாகத் தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். தூரத்தில் வரும் இன்னொரு விமானத்தை நீ முதலில் உணர்வது அதன் இறக்கையிலோ கண்ணாடியிலோ வெயில் பட்டு 'மினுக்'கென்று தெறிக்கும் ஒரு பொறியால். போலரைஸ்டு லென்ஸ் அந்தப் பொறியைத்தான் அழிக்கும். வேறு யாருக்கோ அது கூச்சம், உனக்கு அது எச்சரிக்கை மணி.

சோதிப்பது சுலபம். மளிகைக் கடைக் கால்குலேட்டர் ஒன்று போதும். லென்ஸ் வழியாக அதன் எண்களைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லத் திருப்பு. ஒரு நிலையில் எண்கள் மறைந்தால் அது போலரைஸ்டு. நாங்கள் ஓரங்கட்டி நின்ற இடத்தில் சின்னவளின் டிஜிட்டல் வாட்ச்சை வைத்து இதைச் செய்து காட்டினேன். தோழிகள் கொடுத்த கண்ணாடி வழியே பார்த்தபோது மணியே காணாமல் போயிற்று. அவள் முகம் வாடியது. "இதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அன்பாகக் கொடுத்தது. சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது போட்டுக்கொள்" என்றேன்.

6. தானே நிறம் மாறும் லென்ஸும் வேண்டாம்

வெயிலில் கறுத்து, நிழலில் வெளுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் அலுவலகம் போகிறவர்களுக்கு வசதி. அது கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். விமானத்தின் முன்கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிட்டால் வேண்டிய அளவு கறுக்காது. கறுத்தது வெளுக்கவும் சில நிமிடங்கள் ஆகும். வெயிலிலிருந்து மேகத்துக்குள் நுழைய ஒரு நொடி போதும். அந்தச் சில நிமிடங்களை உனக்கு யார் கடன் தருவார்கள்?

7. லென்ஸ் எதனால் ஆனது

மூன்று வகைதான் பெரும்பாலும் உன் கைக்கு வரும். கண்ணாடி லென்ஸ்: காட்சி மிகத் தெளிவு, கீறல் எளிதில் விழாது, ஆனால் கனம், உடைந்தால் ஆபத்து. சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்: காட்சி நன்றாக இருக்கும், எடை குறைவு, கீறல் சீக்கிரம் விழும், கீறல் தடுப்புப் பூச்சு அவசியம். பாலிகார்பனேட்: மிக லேசு, அடி தாங்கும், புற ஊதாக் கதிரைத் தன்னியல்பாகவே தடுக்கும், இதற்கும் மேல்பூச்சு வேண்டும். மணிக்கணக்கில் போட்டிருக்கப் போகிற மாணவிக்கு என் வாக்கு, தரமான சிஆர்-39 அல்லது பாலிகார்பனேட்டுக்கு.

லென்ஸின் பின்பக்கம் ஆன்டி-கிளேர் பூச்சு இருந்தால் நல்லது. வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்போது உன் கன்னமே லென்ஸில் தெரிந்து தொந்தரவு செய்யாமல் இருக்கும்.

8. ஃப்ரேமை ஹெட்செட்டோடு சேர்த்துத் தேர்ந்தெடு

கடைக் கண்ணாடி முன்னால் அழகாக இருந்த ஃப்ரேம் ஹெட்செட்டுக்கு அடியில் சித்திரவதையாகலாம். ஹெட்செட்டின் மெத்தை காதைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்தால்தான் என்ஜின் இரைச்சல் அடங்கும். காதோரக் கம்பி தடிமனாக இருந்தால் அந்த இடத்தில் மெத்தை தூக்கிக்கொள்ளும், இரைச்சல் உள்ளே புகும். ஒரு மணி நேரத்தில் பொட்டுப் பக்கம் வலி தொடங்கும். வலியோடு இருப்பவள் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைப் பாதிதான் கேட்பாள்.

ஆகவே மெல்லிய, தட்டையான உலோகக் கம்பி. காதைச் சுற்றி வளைந்து பிடிக்காமல் நேராகப் பின்னால் போகிற வகை இன்னும் நல்லது. ஹெட்செட் போட்ட பிறகும் உருவலாம், செருகலாம். போர்விமானிகளுக்காக அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் 1958-இல் செய்த கண்ணாடியில் கம்பி இப்படி நேராக வைக்கப்பட்டது, தலைக்கவசத்தோடு ஒத்துப்போகத்தான்.

நம் வீடுகளில் 'ரே-பான் மாடல்' என்று சொல்லும் கண்ணீர்த்துளி வடிவத்துக்கும் காரணம் இருக்கிறது. பாஷ் அண்ட் லாம் நிறுவனம் அமெரிக்க ராணுவ விமானிகளை மனதில் வைத்து உருவாக்கி, 1937-இல் ரே-பான் என்ற பெயரில் விற்ற வடிவம் அது. விமானி அடிக்கடி விழியைத் தாழ்த்திக் கருவிகளைப் பார்ப்பார். அப்போதும் கண் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றுதான் கீழ்ப்பக்கம் அப்படி இறங்கி வருகிறது. பெயர்ப் பலகைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காரணம் உன் ஃப்ரேமில் நிறைவேறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் அகலமான கம்பியைத் தவிர். மூக்குப் பட்டை சிலிகோனாக இருக்கட்டும். திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் வேர்வை நிற்காது. தலையைக் குனிந்தால் கண்ணாடி வழுக்கி மடியில் விழக் கூடாது.

9. பவர் உள்ள பிள்ளைகளுக்கு

கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று இன்னமும் ஊரில் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரியான பவரோடு குறித்த அளவு பார்வை கிடைத்தால், கண்ணாடி போட்டுப் பறக்கவே அனுமதி உண்டு. அப்படி அனுமதி பெற்றவர் மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) விதி. பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று, நிறமில்லாத கண்ணாடி இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள். பொழுது சாய்ந்த பிறகு கூலிங் கிளாஸ் மாற்றுக் கண்ணாடியாக உதவாது.

முகத்தை வளைத்துப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் ஃப்ரேமில் பவர் லென்ஸ் போட்டால் ஓரங்களில் காட்சி நெளியும். பவர் கூடக்கூட இது கூடும். தட்டையான ஃப்ரேமே உனக்கு நல்லது. கிளிப் மாட்டும் கூலிங் கிளாஸ், தலை அசைவில் கழன்று விழக்கூடியது. கான்டாக்ட் லென்ஸ் போடுவதானால் நிறமில்லாத, ஒரே பவர் கொண்ட லென்ஸ்தான் ஏற்பார்கள். அதற்கு மேல் பவர் இல்லாத கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் உன் மருத்துவச் சான்றிதழைத் தரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செலவு செய்.

10. கடையில் ஐந்து நிமிடச் சோதனை

- கண்ணாடியைக் கைநீளத்தில் பிடித்து, அதன் வழியே தரை ஓட்டின் கோட்டைப் பார். மெல்ல இடம் வலமாக நகர்த்து. பவர் இல்லாத லென்ஸில் கோடு நெளியக் கூடாது.
- வெள்ளைத் தாளின் மேல் வை. இரண்டு லென்ஸும் ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும்.
- கால்குலேட்டர் சோதனை, யுவி மீட்டர் சோதனை.
- கடைக்கு வெளியே வந்து சிக்னல் விளக்கையும் வண்டிகளின் பிரேக் விளக்கையும் பார். சிவப்பு சிவப்பாகவே தெரிய வேண்டும்.
- பயிற்சிக் கூடத்தின் ஹெட்செட்டை ஒரு நாள் கேட்டு வாங்கி, கண்ணாடியோடு அரை மணி நேரம் போட்டுப் பார். முடியாவிட்டால் வீட்டிலுள்ள பெரிய ஹெட்ஃபோனாவது போதும்.

தெருவோரம் வாங்கியதையெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோதிக்காமல் எதையும் போடாதே. விலை தரத்துக்குச் சாட்சி இல்லை; இரண்டு பக்கமும்.

11. மலையில் ஒரு நாள் சோதனை

சின்னவளுக்கு என் பையிலிருந்த சாம்பல் நிறக் கண்ணாடியைக் கொடுத்தேன். மீதி வளைவுகளை அதைப் போட்டபடி ஏறினாள். நிழல், வெயில், நிழல், வெயில். காட்டு மரங்கள் முடிந்து தேயிலைச் சரிவு வரும்போது வெளிச்சம் முகத்தில் அறையும். இந்த மாற்றம் ஒவ்வொன்றிலும் எதிரில் வரும் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸின் சிவப்பு உடனே தெரிகிறதா, ஓரத்தில் நடப்பவர் தெரிகிறாரா, டேஷ்போர்டு எண் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

உச்சியில் இறங்கியபோது பள்ளத்தாக்கில் வெண்மேகம் படுத்திருந்தது. அதைக் கீழ்நோக்கிப் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னேன். கண் சுருங்கவில்லை, நெற்றி சுளிக்கவில்லை. மேகத்தின் மடிப்புகள் தெரிந்தன. பிறகு சட்டென்று கையிலிருந்த போனில் மெசேஜைப் படிக்கச் சொன்னேன். தடுமாறாமல் படித்தாள். வெளியே, உள்ளே, வெளியே. அந்தச் சோதனையில் தேறிய கண்ணாடிதான் உனக்கானது. பொன்முடிக்குப் போக முடியாவிட்டால் ஏற்காடோ கொடைக்கானலோ, நிழலும் மேகமும் உள்ள எந்த மலையும் போதும். ஓட்டுவது இன்னொருவராக இருக்கட்டும்.

12. எப்போது கழற்றுவது

போடத் தெரிந்தவர்கள் நிறைய. கழற்றத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மேகத்துக்குள்ளோ புகைமூட்டத்துக்குள்ளோ நுழையும் முன்பே கழற்று. சூரியன் இறங்கியதும் கழற்று. திருவனந்தபுரத்தில் மாலையில் மேற்கே, கடல் பக்கம் திரும்பினால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். கிழக்கே, அகத்தியர் மலைத்தொடர் பக்கம் திரும்பினால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரே திருப்பத்தில் இரண்டு வெளிச்சம்.

கழற்றியதை எங்கே வைப்பாய் என்று பறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடு. தலைமேல் தூக்கி வைக்காதே, ஹெட்செட் பட்டை தள்ளிவிடும். மடியில் வைக்காதே, காலடியில் பெடலுக்குப் பக்கத்தில் போய் விழும். தடிமனான உறை, ஒரே இடம், ஒரே கை.

இரவில் பறக்க வேண்டிய நாளன்று பகலில் கட்டாயம் போடு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக ஏறக்குறைய 30 நிமிடங்கள் ஆகும். பகலெல்லாம் வெறுங்கண்ணோடு கடுவெயிலில் திரிந்தால் அந்த நேரம் இன்னும் நீளும்.

நீளமான முனை வைத்த தொப்பி போட்டு வெயிலை மறைக்கலாமே என்று தோன்றும். அது மேலே வரும் விமானத்தையும் மறைக்கும். விமானத்திலேயே இருக்கும் மடக்குத் திரையைப் பயன்படுத்து. வேலை முடிந்ததும் மடக்கு.

13. துடைக்கும் முறை

சுரிதார் துப்பட்டாவால் துடைக்காதே என்று தினமும் யாரிடமாவது சொல்கிறேன். துணியிலிருக்கும் தூசி மணல்தாள் மாதிரி பூச்சைத் தேய்க்கும். முதலில் தண்ணீரில் அலசு, பிறகு மெல்லிய துணியால் ஒற்று. வெயிலில் நிற்கும் காரிலோ விமானத்திலோ விட்டுவிட்டுப் போகாதே. சூட்டில் பூச்சு வெடிக்கும், ஃப்ரேம் வளையும். கீறல் விழுந்த லென்ஸைப் பறக்கும் பையிலிருந்து எடுத்துவிடு.

இன்னொன்று, கூச்சம் என்று நீ நினைப்பதில் பாதி விமானத்தின் முன்கண்ணாடி அழுக்காகவும் இருக்கலாம். பூச்சி அடித்த கறையில் சாய்வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல் ஆகிவிடும். சின்ன விமானங்களில் அது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். வீட்டு ஜன்னல் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் அதைக் கெடுக்கும். பயிற்சிக் கூடத்தில் என்ன தருகிறார்களோ அதைக் கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி, தண்ணீர் விட்டு மென்துணியால் துடை.

பையில் வைக்க வேண்டியவை: யுவி 400 உள்ள சாம்பல் நிறக் கண்ணாடி, தடிமனான உறை, அலசிக் காய வைத்த துணி, பவர் இருந்தால் மாற்றுக் கண்ணாடி. இவ்வளவுதான்.

மூன்று மணி வாக்கில் பொன்முடியில் மஞ்சு இறங்கத் தொடங்கியது. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். இந்த முறையும் சின்னவள்தான் ஓட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வளைவில் இன்னும் வெயில் இருந்தது. இரண்டாவது வளைவுக்கு அப்பால் சாலையை மஞ்சு மூடியிருந்தது தெரிந்தது. அதற்கு முன்பிருந்த அகலத்தில் வண்டியை நிறுத்தினாள், ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள், உறையைக் கதவின் பக்கப் பையில் செருகினாள். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்காமல் சாலையைப் பார்த்தாள். மஞ்சுக்குள் எதிரே வந்த சைக்கிள்காரரை என்னைவிட முதலில் பார்த்தது அவள்தான்.